மாணவரின் உடலுக்கு அளவுகோல் வைப்பது யார்?

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளிக்கு வந்துவிட்டால் சமவெளி முடிந்தது. அங்கே அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறது. அந்தச் சாலையில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்த்தாலே மலையின் அரை நூற்றாண்டு வாழ்க்கை புரிந்துவிடும். மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் அன்னாசியும் இறங்குகின்றன. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக இறங்குகிறது. ரேஷன் அரிசியும் பாமாயிலும் ஏறுகின்றன. கூடவே பிஸ்கட் பெட்டி, சிப்ஸ் மூட்டை, பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கப்போகும் ஷாம்பு, முகக்கிரீம் பாக்கெட்டுகள். இன்னொன்றும் ஏறியிருக்கிறது, அதற்குச் சாலையே தேவைப்படவில்லை. ஓர் உடல் எப்படி இருக்க வேண்டும், ஒரு தட்டில் என்ன இருந்தால் கௌரவம் என்பதைத் தொலைக்காட்சியும் கைபேசியும் மலையின் வகுப்பறைகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. மாணவர்கள் தங்கள் உடலைப் பற்றி வெட்கப்படுவதும், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படுவதும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்றே நாம் பேசி வருகிறோம். முதலாவதை வயதுக் கோளாறு என்கிறோம், இரண்டாவதை நாக்கு ருசி என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். நல்ல உடல் எது, நல்ல உணவு எது என்று சொல்லும் உரிமை வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் கைமாறி, பொருள் விற்பவர்களிடம் போய்விட்டது. அதைத் திரும்பப் பெறாமல் பிள்ளைகளுக்கு அறிவுரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

ஊடகத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று கேட்பவர்களுக்குப் பசிபிக் கடலின் ஃபிஜித் தீவிலிருந்து தெளிவான ஒரு சான்று இருக்கிறது. வாட்டசாட்டமான உடலையே அழகாகவும் ஆரோக்கியமாகவும் கருதிய சமூகம் அது. வந்தவரை வயிறாரச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது நம்மூரைப் போலவே அங்கும் பண்பாடு. யாராவது இளைத்துப்போனால் உறவினர் கவலைப்படுவார்கள். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் அந்த ஆண்டிலேயே அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் உணவுப் பழக்கம் பற்றிய ஓர் ஆய்வை நடத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-ல், அதே வயதுடைய வேறு மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார். உணவுக் கோளாறுக்கான அபாயக் குறி காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகப் பெருகியிருந்தார்கள். எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் ஆய்வில் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது ஆய்வில் 11.3 சதவீதம். நான்கில் மூன்று பேர் தாங்கள் பருமனாக இருப்பதாக அவ்வப்போதாவது எண்ணினார்கள். 2002-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டவர்கள் 65 பேர் அளவுதான். ஆனால் எண்களைவிட அந்த மாணவிகள் பெக்கரிடம் சொன்ன காரணம்தான் முக்கியமானது. திரையில் வேலை, பணம், சுதந்திரம் எல்லாம் உள்ள பெண்கள் மெலிந்த உடலோடு வந்தார்கள். அந்த உடல் இருந்தால்தான் அந்த வாழ்க்கை கிடைக்கும் என்று இவர்கள் நம்பினார்கள். அழகுப் பைத்தியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முன்னேற வேண்டும் என்ற ஆசைதான் வழி தெரியாமல் உடலின்மேல் போய் விழுந்திருக்கிறது.

ஃபிஜியில் மூன்றாண்டில் நடந்தது தமிழ்நாட்டில் படிப்படியாக நடந்தது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. 2020 ஊரடங்கில் பாடமே கைபேசிக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் மாறியபோது, பிள்ளை கையில் போன் இருப்பது தவறு என்ற எண்ணமே பெற்றோரிடம் மறைந்தது. அதே 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. இவை எல்லாமே தீமை என்று நான் சொல்லவில்லை. பொருளியல் அறிஞர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை கேபிள் டிவி வந்ததன் விளைவை ஆராய்ந்தார்கள். கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரி என்று ஏற்பவர்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற ஆசை தணிந்தது. சிறுமிகள் பள்ளியில் சேர்வது கூடியது. தொலைக்காட்சியைப் பழிப்பவர்கள் இந்த ஆய்வை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் பெண் வாழ்க்கையைப் பற்றிய நம்பிக்கையையே ஓரிரு ஆண்டில் மாற்றக்கூடிய ஒரு சாதனம், பெண் உடலைப் பற்றிய நம்பிக்கையை மட்டும் தொடாமல் விட்டுவிடுமா? நன்மைக்கான சான்றே அதன் வலிமைக்கும் சான்றாகிறது.

அந்தத் திரை எந்த உடலைக் காட்டியது என்பது தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை என்றாலும், பழகிப்போனதால் கண்ணில் படாத சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமாவில் ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கறுத்த நிறத்தோடு உச்ச நாயகர்களாக முடிந்தது. அது பெருமைக்குரிய மாற்றம்தான். ஆனால் அதே படங்களின் நாயகிக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. நிறத்தைக் காரணம் காட்டித் தனக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதை நடிகை ஐஸ்வர்யா ராஜேஷ் பொதுமேடையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நகைச்சுவைக் காட்சிகளிலோ குண்டாக இருப்பவரும் பல் எடுப்பாக இருப்பவரும் கறுப்பாக இருப்பவரும் திட்டு வாங்கவும் அடி வாங்கவுமே பிறந்தவர்களாகக் காட்டப்பட்டார்கள். அந்த வசனங்கள் மறுநாள் பள்ளி மைதானத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பட்டப்பெயராக மாறின. ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. 2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யாவின் சிக்ஸ் பேக் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, வயிற்றில் கட்டுகள் தெரியாத உடல் ஆணுடலே இல்லை என்ற எண்ணம் கல்லூரி விடுதிகள் வரை பரவியது. புரதப் பொடி டப்பா இன்று சிற்றூர் ஜிம்களிலும் விற்பனைக்கு இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், உடல் கட்டுக்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கவே சொல்கின்றன.

விளம்பரம் மலைக்கு ஏறிய விதத்திலும் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. பெரிய பாட்டிலில் மட்டும் விற்ற ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டும் பொருளாக்கிய முன்னோடிகளில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் முக்கியமானவர். நல்ல நோக்கத்தில் பிறந்த அந்த யுக்தி, பிறகு முகம் வெளுக்கும் கிரீமுக்கும் வழி திறந்துவிட்டது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்கும்வரை, 45 ஆண்டுகள் இந்த நாட்டுப் பெண்களுக்கு ஒரே கதையைத்தான் சொன்னது: கறுப்பாக இருந்தவரை வேலையும் வரனும் இல்லை, நிறம் மாறியதும் இரண்டும் தேடி வந்தன. ஃபிஜி மாணவிகள் சொன்ன அதே கணக்கு இது. வெயிலில் மிளகு பறித்தும் கிழங்கு பிடுங்கியும் வளர்ந்த ஒரு மலைப் பெண், வெளுப்புதான் தகுதி என்ற அந்தக் கதையில் தொடக்கத்திலேயே தோற்றவளாக நிற்கிறாள். வெண்மை மோகம் விளம்பரத்தால் பிறந்ததல்ல. சாதியும் வெயிலில் உழைக்காத வாழ்வின் அந்தஸ்தும் அதற்கு முன்பே இருந்தன. பழைய மேட்டிமையை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் சில ரூபாய் விலையில் விநியோகித்ததுதான் விளம்பரத்தின் வேலை.

இனி தட்டுக்கு வருவோம். கொல்லிமலை மலையாளிப் பழங்குடி மக்கள் காலம் காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைவித்தவர்கள். ஒரே தானியத்தில் எத்தனை வகை வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் வியப்பு வரும்: சாமையில் வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, தினையில் செந்தினை, பெருந்தினை, கேழ்வரகில் சுண்டங்கிக் கேழ்வரகு. ஒவ்வொன்றுக்கும் தனி மண், தனிப் பருவம், தனிச் சுவை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த வகைகளைப் பதிவு செய்து, விதையைக் காத்து, உழவர் குழுக்களை அமைத்து வந்திருக்கிறது. அப்படியும் அவற்றின் சாகுபடிப் பரப்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இதற்கு ஊடகத்தைக் குற்றவாளி ஆக்கினால் அது பொய். ஆலைகள் வாங்கிக்கொள்ளும் மரவள்ளி கையில் காசு தந்தது. ரேஷனில் அரிசி மலிவாகக் கிடைத்தது. 2011 முதல் விலையில்லாமலே கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாமை குத்துவது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. சாமை அரிசியை உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் அரித்து, அதற்குப் பின்புதான் உலையில் போட முடியும். ஒரு வேளைச் சோற்றுக்கு அத்தனை பாடு. ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாத்திய பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. பின்னாளில் சுவாமிநாதன் நிறுவனம் மலைக் கிராமங்களில் சிறு அரவை இயந்திரங்களை அமைக்க உதவியது இந்தப் பாடு தெரிந்துதான்.

ஆனால் பொருளாதாரக் காரணங்களோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நெல்லுச்சோறு விசேஷ நாளின் சோறு, களியும் கூழும் இல்லாதவர் சோறு என்ற தராதரம் தமிழ்நாடு முழுவதும் டிவிக்கு முன்பே இருந்தது. விளம்பரம் அந்தத் தராதரத்தை இன்னொரு படி உயர்த்தியது. இப்போது அரிசிக்கும் மேலே நூடுல்ஸ், பிஸ்கட், டப்பாவில் வரும் ஊட்ட பானம். விளம்பரத்தில் வரும் பிள்ளை இவற்றை உண்டும் குடித்தும் உயரமாகிறான், பரிசு வாங்குகிறான். அவன் தாய் படித்தவளாக, நல்ல சேலையில் இருக்கிறாள். களி கிண்டும் தாய் எந்த விளம்பரத்தில் வந்தாள்? அதே வேளை, நகரத்துக்கான ஊடகம் நேர்மாறான ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டான 2023-ஐ ஒட்டிச் சாமையும் தினையும் உடல் இளைக்க உதவும் உணவாக, சர்க்கரை நோய்க்கு மருந்தாக, வழவழப்பான பையில், அரிசியைவிடப் பல மடங்கு விலையில் பல்பொருள் அங்காடிக்கு வந்துவிட்டன. இதை வரவேற்க ஒரு காரணம் உண்டு. விளைவிப்பவருக்குச் சந்தை கிடைக்கிறது. எனினும் மலையில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு செய்திகளும் ஒரே திரையில்தான் வருகின்றன. வீட்டில் பாட்டி தந்தால் அது பழங்காலத்துச் சோறு. சென்னையில் ஒருவர் வீடியோவில் சாப்பிட்டால் அது டயட். இரண்டிலும் பாட்டியின் பேச்சு எடுபடவில்லை. வளரும் பிள்ளை பசிக்காகவும் வலுவுக்காகவும் உண்ட தானியம், இடுப்பைக் குறைக்கும் சாதனமாகப் பெயர் மாற்றப்பட்டுத் திரும்பி வருகிறது. உணவை உடல் எடையின் கணக்காக மட்டும் பார்க்கும் அந்தப் பார்வைதான் உண்மையான ஆபத்து.

“இதெல்லாம் வசதியான வீட்டு நகரத்துப் பெண்களின் நோய். மலையில் பிரச்சினை சோறு இல்லாததுதான்” என்று ஒரு மறுப்பு வரும். கேட்க நியாயமாகத் தோன்றும். நோயின் வடிவம் இடத்துக்கு இடம் மாறும் என்பதும் உண்மை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995-ல் பதிவு செய்த இளம்பெண்கள் ஐவரும் உணவை ஒதுக்கினார்கள், ஆனால் மேலைநாட்டு நோயாளிகளைப் போலக் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைப் பேசவில்லை. அதனாலேயே நம் வீடுகளில் இது வயிற்று வலி என்றும் பசியின்மை என்றும் கண்ணுக்குத் தப்புகிறது. ஆனால் சத்துக் குறைவு இருக்கும் இடத்தில் உடல் வெட்கம் சிறிய பிரச்சினையாகிவிடாது, பெரிதாகத்தான் ஆகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வு 40 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருப்பதாகவும் சொல்கிறது. ரத்தம் குறைந்த உடலும் எடை மிகுந்த உடலும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் உடல் ஓரளவு தாங்கும். ஏற்கெனவே சோகை பிடித்த பிள்ளை காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் இரண்டாவது பாடவேளையிலேயே தலைசுற்றும்.

பருவ வயதின் உடலியலைப் பெரியவர்களே மறந்துவிடுவதும் இங்கே ஒரு சிக்கல். பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது நோயல்ல, வளர்ச்சி. மாதவிடாய் ஒழுங்காக வரவே உடலுக்கு அந்தச் சேமிப்பு வேண்டும். எலும்பு சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொள்ளும் முக்கியமான காலமும் அதுவே. விட்டுப்போனதைப் பின்னால் முழுதாக ஈடுகட்ட முடியாது. சரியாக அந்த ஆண்டுகளில்தான், உடல் இயல்பாக அகலமாகும் வேளையில்தான், திரை அதை ஒடுங்கச் சொல்கிறது. காலையில் ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பி, இடைவேளையில் பசி தாங்காமல் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, மதியம் சத்துணவு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கிடைத்ததை அள்ளிச் சாப்பிட்டு, இரவு அதற்காகத் தன்னையே நொந்துகொள்ளும் பழக்கம் இப்படித்தான் உருவாகிறது. அளவில் குறைந்த சாப்பாடும் தரத்தில் குறைந்த தீனியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிடுகின்றன.

“எம்.ஜி.ஆர். காலத்திலும்தான் சினிமா இருந்தது. அப்போது கெடாதவர்கள் இப்போது மட்டும் கெடுவார்களா?” என்பது அடுத்த கேள்வி. அன்று திரையில் இருந்தவர் தூரத்து நட்சத்திரம். அவரைப் போல ஆக முடியாது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று திரையில் இருப்பது பக்கத்து பெஞ்சுத் தோழி. கைபேசிக் கேமராக்கள் பல, கேட்காமலே தோலை வழவழப்பாக்கி, நிறத்தை ஒரு படி வெளுப்பாக்கி, தாடையைக் கூராக்கித்தான் படம் எடுக்கின்றன. தன் முகத்தையே திருத்திய வடிவத்தில் நாள்தோறும் பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி ஏமாற்றமளிப்பதில் வியப்பில்லை. இன்ஸ்டாகிராம் பிள்ளைகளைப் பாதிப்பதை அந்த நிறுவனமே அறிந்திருந்தது. பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய கவலையை அது மோசமாக்குகிறது என்ற உள் ஆய்வுக் குறிப்பு 2021-ல் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வழியே உலகுக்குத் தெரியவந்தது. ஆன் பெக்கரின் குழு 500-க்கும் மேற்பட்ட ஃபிஜி மாணவிகளிடம் நடத்திய அடுத்த ஆய்வின் முடிவு அதற்கும் முன்பே, 2011-ல், வெளியாகியிருந்தது. ஒரு பெண் தானே எவ்வளவு டிவி பார்க்கிறாள் என்பதைவிட, அவள் தோழிகள் எவ்வளவு ஊடகம் பார்க்கிறார்கள் என்பதே அவளுடைய உணவுக் கோளாறோடு வலுவாகப் பொருந்தியது. வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கும் வகுப்பில் இது தொற்றிவிடும் என்று அர்த்தம். ஆகவே ‘என் பிள்ளையிடம் போனைப் பிடுங்கிவிட்டேன்’ என்று ஒரு பெற்றோர் நிம்மதி அடைய முடியாது. பொதுவாக வந்த தீங்குக்குப் பொதுவாகத்தான் மருந்து வேண்டும்.

மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதை மருத்துவர்களே எழுப்புகிறார்கள்: பருமனும் சர்க்கரை நோயும் பெருகும் மாநிலத்தில், எடையைப் பற்றி எச்சரிக்காமல் இருக்கலாமா? எச்சரிக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்கப்படுத்துவது எச்சரிக்கை ஆகாது, பலனும் தராது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்வயதினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான ஆய்வு, எடையைக் குறைக்க டயட் இருந்த பிள்ளைகளே பின்னாளில் அதிக எடைக்கும் உணவுக் கோளாறுக்கும் கூடுதலாக ஆளானதைக் காட்டியது. குண்டு என்று கேலி செய்யப்பட்ட பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு வராது, ஒளிந்து சாப்பிடும். இன்னொரு பக்கம், யூடியூப் காணொளிகளைப் பார்த்துத் தாமே கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கிய இளையோர் இறந்த செய்திகள் 2025-ல் கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வந்தன. அந்தக் காணொளிகளில் பேசுபவர்கள் எந்தப் பட்டமும் காட்ட வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உடல்நலம் பற்றிய அக்கறை என்ற பெயரில் வரும் எல்லாமே உடல்நலத்துக்கானது அல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளில், குழந்தைகளுக்கான விளம்பரம் அவர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றித் தாழ்வான எண்ணத்தை உண்டாக்கக் கூடாது என்று இருக்கிறது. அதே பகுதியில், குழந்தைகள் உண்ணும் இயற்கையான அல்லது பாரம்பரிய உணவைவிடத் தன் பொருளே மேல் என்ற தோற்றத்தைத் தரக் கூடாது என்றும் இருக்கிறது. உடலும் தட்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதை இந்த நெறியை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்கிறது. தமிழ்நாட்டின் எந்தப் பள்ளி வாசலிலும் நின்று 50 மீட்டரைக் கண்ணால் அளந்து பாருங்கள். விதியின் நிலை தெரிந்துவிடும். திருத்தப்பட்ட உடல் படங்களில் அப்படித் திருத்தியது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நார்வே விளம்பரங்களுக்குச் சட்டம் செய்திருக்கிறது. தமிழில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் அழகுக் குறிப்பாளர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் வருவதில் எந்தத் தவறும் இல்லை.

சட்டத்தைவிட விரைவாகச் செய்யக்கூடியது பள்ளியின் சமையலறையில் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் எலும்புக்கு எது வேண்டும் என்று இந்த இரண்டு எண்களே சொல்லும். 2023 மே மாதம் தமிழக அரசு நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உள்ளூர்ச் சிறுதானியங்களுக்கு இடம் இருக்கிறது. கொல்லிமலையின் தொடக்கப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் மலையில் விளைந்த சாமையும் தினையும் கேழ்வரகும் வாரத்தில் சில நாள் எல்லோருக்கும் ஒரே பந்தியில், நல்ல ருசியோடு, முட்டையோடும் கீரையோடும் பரிமாறப்பட வேண்டும். அதை டயட் உணவு என்றோ, பழங்குடி உணவு என்றோ தனிப்பெயர் சூட்டாமல் சாப்பாடு என்றே பரிமாற வேண்டும். ஆசிரியரும் அதே பந்தியில் உட்கார்ந்து அதையே உண்பது, ஊட்டச்சத்துப் பாடத்தின் பத்துப் பக்கங்களைவிட அதிகம் செய்யும். தோழிகள் வழியாகப் பரவிய வெட்கம் தோழிகள் வழியாகவே கலையவும் முடியும்.

மிச்சம் இருப்பது நம் வாய். ‘என்னடி இப்படிப் பெருத்துட்டே?’ என்று கல்யாண வீட்டில் கேட்கும் அத்தையும், ‘ஒல்லிக்குச்சி’ என்று வருகைப் பதிவின்போது கூப்பிடும் ஆசிரியரும், ‘நம்ம பொண்ணு கறுப்புதான், ஆனா களையா இருப்பா’ என்று சமாதானம் சொல்லும் தாயும் அன்போடுதான் பேசுகிறார்கள். விளம்பரம் விதைத்ததற்கு அந்த அன்புதான் தண்ணீர் ஊற்றுகிறது. வீட்டிலும் வகுப்பிலும் ஒரு பிள்ளையின் எடையையும் நிறத்தையும் பற்றி நாம் பேசாமல் இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் எந்த நட்டமும் இல்லை. சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ண மறுப்பது, சாப்பிட்டதும் தனியே ஒதுங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயக்கம் வருவது ஆகியவை தெரிந்தால் திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். டெலி மானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும் பூச்செண்டு கொடுக்கவும் நடனத்தில் முன்வரிசையில் நிற்கவும் சிவந்த, மெலிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பெயர் எழுதும் வழக்கம் நம் பள்ளிகளில் பலகாலமாக இருக்கிறது. யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் அந்தப் பட்டியலின் பொருளைப் புரிந்துகொள்கிறார்கள். இந்த ஆண்டு அந்தப் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.